நெறியாரின் உதாரணங்கள்

அவருக்கு அந்தப் பெயரை வைத்தது வக்கீல் சங்கத்து டீக்கூட்டம். மரியாதைக்காக வைக்கவில்லை. சங்க அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இவர் எழுந்து நின்று, "இது நெறியல்ல" என்றார். சண்டை அந்த இடத்திலேயே நின்றது. சண்டை போட்ட இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு சிரித்தார்கள். அன்று மாலைக்குள் அவர் நெறியார் ஆகிவிட்டார். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"எல்லாரும் என்னை நெறியார்னு கூப்பிடுறாங்க."

"கூப்பிட்டுட்டுச் சிரிக்கிறாங்களா?"

"சிரிச்சா என்ன? பிரியத்துல சிரிக்கிறது."

"அப்ப சரி" என்றாள் மனைவி. அவள் எப்போதும் அவ்வளவுதான் பேசுவாள்.

வக்கீல் தொழிலில் அவர் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. எழுந்து நிற்கும்போது கம்பீரமாகத்தான் இருப்பார். முதல் வாக்கியமும் நன்றாகவே வரும். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டால் இரண்டாவது வாக்கியம் எங்கேயோ ஓடி ஒளிந்துவிடும். உடனே ஒரு வாய்தா கேட்பார். வாய்தா வாங்குவதில் மட்டும் அவருக்கு இணை கிடையாது. வயிற்றுவலி, வெளியூர்ப் பயணம், கட்சிக்காரரின் மாமியாருக்கு மாரடைப்பு என்று காரணங்கள் தங்குதடையில்லாமல் வரும். அவருடைய கட்சிக்காரர்களின் மாமியார்கள் எல்லோருக்குமே இதயம் பலவீனம்.

அப்படிப்பட்டவரைக் காப்பாற்றியது தொழில் நெறி வகுப்பு. புதிதாகக் கறுப்புக் கோட்டு போடுகிறவர்களுக்குச் சங்கம் ஆண்டுதோறும் நடத்துவது அது. கட்சிக்காரரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், அவர் நம்பிச் சொன்னதை எப்படிக் காக்க வேண்டும், இரண்டு பக்கமும் கால் வைக்கக் கூடாது, இப்படி. அதில் பேச ஆள் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். நெறியோடு இருந்த வக்கீல்களுக்கு நேரமில்லை. இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்தது. நெறியாருக்கு நேரமும் இருந்தது, கூச்சமும் இல்லை. ஒரு தடவை பேச வேண்டியவர் வராமல்போக, இவரைப் பிடித்து மேடையில் ஏற்றினார்கள்.

ஏறிய பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்த மேடையில் எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. ஆட்சேபிக்கிறேன் என்று யாரும் எழ மாட்டார்கள். நீதிபதியும் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி அதை முடிக்கவும் செய்தார். அதற்குப் பிறகு அவரை அந்த மேடையிலிருந்து யாராலும் இறக்க முடியவில்லை.

முதலில் புத்தகத்தில் இருக்கும் உதாரணங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்கள். பின்வரிசையில் ஒருவன் குறட்டையே விட்டான். அடுத்த தடவை, தன் கட்சிக்காரர் ஒருவர் கதையைப் பேரை மாற்றி எடுத்துவிட்டார். குறட்டைக்காரன் எழுந்து உட்கார்ந்தான். ருசி கண்டுவிட்டது. அதிலிருந்து அவர் கட்சிக்காரர்களின் கதையைக் கேட்கும்போதே ஒரு காது வழக்குக்கும் இன்னொரு காது வகுப்புக்குமாக வேலை செய்தது. மாறுவேடம் போட்டுவிடுவதில் தனக்கு ஒரு தனித் திறமை இருப்பதாக அவர் நினைத்தார். பல் டாக்டரைக் கால்நடை டாக்டர் ஆக்குவார். தம்பியை அண்ணன் ஆக்குவார். சிரிப்பு எந்த இடத்தில் வருமோ அந்த இடத்தை மட்டும் தொடமாட்டார்.

இப்படிப் பேசிப் பேசியே, வக்கீல்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் சங்கத்து ஒழுங்குக் குழுவுக்கும் அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். அந்தப் பதவிக்கும் வேறு யாரும் போட்டியிடவில்லை.

அவருடைய அலுவலகம் வீட்டின் முன்னறை. வீடு மனைவியின் அப்பா கட்டியது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதன் மேல் சட்டப் புத்தகங்களின் படம் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. கட்சிக்காரர் அழுதால் சமையலறையில் கேட்கும். மனைவி அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். போவதற்குள் காதில் விழுந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம்கூட.

அந்த முன்னறைக்குத்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி வந்தாள். கடைத்தெருத் திருப்பத்தில் அவள் கடை. கண் பரிசோதிப்பதும் அவள்தான், கண்ணாடியைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதும் அவள்தான். கணவன் கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொள்வான். இப்போது பிரிந்து போய்விட்டான். குடும்ப நீதிமன்றத்தில் மகளைக் கேட்டு மனுப் போட்டிருந்தான். கூடவே, கடையைத் தன் பேருக்கு எழுதிக் கொடுத்தால் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

"அவர் கேக்கிறது பொண்ணை இல்ல சார், கடையை" என்றாள் கடைக்காரி. "பொண்ணைக் கேட்டா நான் நடுங்கிப்போய்க் கடையைக் குடுத்துடுவேன்னு நினைக்கிறார்."

"உண்மையிலேயே அவருக்குப் பொண்ணு மேல ஆசை இல்லையா?"

"ஆசையா? அவ டிரம்பெட் கத்துக்கிறா சார். ஸ்கூல் பேண்டுல சேர்த்துக்கிட்டாங்க. தினம் சாயங்காலம் ஊதுவா. அந்தச் சத்தத்துக்கே வீட்டை விட்டு ஓடின மனுஷன் அவர். ஒரு வாரம் அவளை வெச்சுக்கச் சொன்னா அவருக்குக் காய்ச்சல் வந்துடும்."

நெறியார் சிரித்தார். இரண்டு காதுகளும் விறைத்துக்கொண்டன.

"அதனால நான் ஒண்ணு யோசிச்சிருக்கேன்" என்றாள் அவள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "கோர்ட்ல நானே எந்திரிச்சு, சரி, பொண்ணை அவரே கூட்டிட்டுப் போகட்டும்னு சொல்லப்போறேன். அவருக்கு முழி பிதுங்கிடும். ஐயையோ வேண்டாம்னு அவரே மனுவை வாபஸ் வாங்கிடுவார்."

"ஒருவேளை சரின்னுட்டா?"

"நான் நிஜமா சொல்றேன்னு நினைச்சா சொல்ல மாட்டார். சும்மா சொல்றேன்னு தெரிஞ்சா சொல்லிடுவார். தெரிஞ்சுதுன்னா அவ்வளவுதான் சார். அவளை ஒரு ராத்திரி கூட என்னால விட முடியாது. கடையைத் தூக்கிக் குடுத்துட்டு அவளைத் திருப்பி வாங்கிக்க வேண்டியதுதான். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கணும்."

"யாருகிட்ட சொல்றீங்கம்மா?" என்றார் நெறியார், பின்னால் சாய்ந்துகொண்டு. "இரகசியத்தைக் காக்கிறது எப்படின்னு நான் வகுப்பே எடுக்கிறவன்."

கூட வந்திருந்த மகள் அதுவரை உள்ளே நெறியாரின் மனைவியோடு இருந்தாள். டிரம்பெட் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள் மனைவி. ஊதியும் காட்டச் சொல்லியிருக்கிறாள். திடீரென்று பலகைத் தடுப்பு அதிர, சமையலறை அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. நெறியார் நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பி உட்கார்ந்தார்.

"நல்லா ஊதுறா" என்றாள் மனைவி, அவர்கள் போன பிறகு.

அந்த வாரமே வகுப்பு. முந்தின நாள் மாலை நெறியார் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். மூக்குக்கண்ணாடிக் கடையை ரொட்டிக் கடை ஆக்கினார். மகளை மகன் ஆக்கினார். மிச்சமிருந்தது டிரம்பெட். அதை எடுத்துவிட்டு வயலின் வைத்துப் பார்த்தார். வயலினுக்கு ஒருவன் கதவைச் சாத்திக்கொள்வானே தவிர வீட்டை விட்டு ஓட மாட்டான். புல்லாங்குழலுக்குத் தூங்கிவிடுவான். டிரம்ஸ் பரவாயில்லை, ஓடலாம். ஆனால் டிரம்ஸுக்கு வாயால் சத்தம் போட்டுக் காட்டினால் ஏதோ பாத்திரம் கழுவுவதுபோல இருந்தது. கடைசியில் கன்னத்தை உப்பிக்கொண்டு, "பப்பரப்பப்பா" என்று ஊதிப் பார்த்தார். அது அற்புதமாக வந்தது. டிரம்பெட் டிரம்பெட்டாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"யாரு அங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"நான்தான். வகுப்புக்குத் தயார் பண்றேன்."

வகுப்பில் முன்வரிசையில் கொக்கு உட்கார்ந்திருந்தார். கொக்கு என்பது கண்ணாடிக் கடைக்காரியின் கணவனுக்கு வழக்காடும் வக்கீல். நீண்ட கழுத்து. நீதிமன்றத்தில் ஒரு மூலையில் அசையாமல் நிற்பார். எதிராளி வாயிலிருந்து ஏதாவது நழுவி விழுந்தால் மட்டும் கழுத்து நீளும். சங்கத்தின் துணைச் செயலாளர் என்ற முறையில் நன்றியுரை சொல்ல வந்திருந்தார். மடியில் பிஸ்கட் தட்டு.

நெறியார் அன்று பேசியது அவர் வாழ்க்கையிலேயே சிறந்த பேச்சு. ரொட்டிக் கடைக்காரி வந்தாள், அவள் மகன் வந்தான், கணவன் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தெருவில் ஓடினான். பப்பரப்பப்பாவுக்கு அரங்கம் குலுங்கியது. இரண்டாவது தடவையும் ஊதிக் காட்டினார். பிறகு கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார்.

"இப்போது யோசியுங்கள். சும்மா மிரட்டத்தான் பிள்ளையைத் தருவதாகச் சொல்லப்போகிறேன் என்று இந்தத் தாய் தன் வக்கீலை நம்பிச் சொல்லிவிட்டாள். இது வெளியே போனால் என்ன ஆகும்? எதிராளி சரி, கொடு என்பான். பிள்ளையை மீட்க அவள் கடையை இழப்பாள். ஒரு நாக்கு புரண்டதற்கு ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும். ஆகவே இந்த இரகசியத்தை எங்கே வைக்க வேண்டும்?" நெஞ்சில் தட்டிக்கொண்டார். "இங்கே. சுடுகாடு வரைக்கும் இங்கே."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கொக்கு பிஸ்கட்டை மெல்வதை எப்போதோ நிறுத்தியிருந்தார். நன்றியுரையில், "அண்ணன் பேச்சை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். இன்னைக்கு மாதிரி எப்பவும் பயன்பட்டதில்ல" என்றார். நெறியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் குடும்ப நீதிமன்றத்தில் வழக்கை அழைத்தார்கள். கண்ணாடிக் கடைக்காரி எழுந்து நின்றாள். பிசிறில்லாமல் சொன்னாள். "நான் யோசிச்சுப் பார்த்தேங்கய்யா. பொண்ணு அவங்கப்பாகிட்டயே இருக்கட்டும். அவரே கூட்டிட்டுப் போகட்டும்."

நெறியார் பெருமையோடு கணவனைப் பார்த்தார். முழி பிதுங்கவில்லை. அவன் கொக்கைப் பார்த்தான். கொக்கு கழுத்தை லேசாக அசைத்தார்.

"ரொம்ப சந்தோஷங்கய்யா" என்றான் கணவன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். டிரம்பெட்டையும் மறக்காம குடுத்தனுப்பச் சொல்லுங்க."

கடைக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு மெதுவாகத் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தாள். நெறியாருக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடாத நேரங்களில் என்ன செய்வாரோ அதைச் செய்தார்.

"ஒரு வாய்தா வேணுங்கய்யா."

"எதுக்கு?" என்றார் நீதிபதி. "உங்க கட்சிக்காரர்தானே இப்ப தர்றேன்னு சொன்னாங்க?"

"அவங்க மாமியாருக்கு..."

"மாமியார் நல்லாத்தான் இருக்காங்க. நம்ம பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காங்க" என்றார் கொக்கு. பெஞ்சிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து கும்பிட்டாள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து கடைக்காரி கடையைக் கணவன் பேருக்கு எழுதிக் கொடுத்தாள். அவன் மனுவை வாபஸ் வாங்கினான். மகள் பக்கத்திலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகும் கடைக்காரிக்குப் புரியவில்லை. "எப்படித் தெரிஞ்சுது சார்? எப்படி அவ்வளவு தைரியமா சரின்னார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "மனுஷ மனம்மா. யாரு கண்டா?" என்றார் நெறியார். அவருக்கு உண்மையிலேயே அதுவரை புரியவில்லை.

கொக்கு கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, நேத்துப் பேச்சு இன்னும் காதுலேயே நிக்குது. அந்த ரொட்டிக்கடைக் கதை இருக்கே!"

"எந்த ரொட்டிக்கடை?" என்றாள் கடைக்காரி.

"உங்ககிட்ட சொல்லலையாம்மா? பையன் டிரம்பெட் ஊதுவான், அப்பன்காரன் ஓடுவான். அண்ணன் பப்பரப்பப்பான்னு ரெண்டு தடவை வாயாலயே ஊதிக் காட்டினார்." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

கடைக்காரி நெறியார் பக்கம் திரும்பினாள். "ஊதிக் காட்டினீங்களா?"

"பொதுவான ஒரு உதாரணம்மா. உங்க பேரை நான் சொல்லவே இல்ல. கடையைக்கூட மாத்திட்டேன். பொண்ணைப் பையனாக்கிட்டேன்."

"ரொம்ப நன்றி சார்" என்றாள் அவள். "அப்ப அந்த ரொட்டிக்கடையையே அவருக்கு எழுதிக் குடுத்திருக்கலாமே?"

மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். வக்காலத்தை வேறொருவருக்கு மாற்றினாள். ஒழுங்குக் குழுவிடம் புகார் கொடுத்தாள்.

குழு கூடியது. குழு என்பது நெறியார், கொக்கு, அப்புறம் காது மந்தமான ஒரு மூத்த வக்கீல். புகார் தன்மேல் என்பதால் தான் நடுநாற்காலியில் இருப்பது நெறியல்ல என்று சொல்லி நெறியார் எழுந்து ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கு நடுவே நகர்ந்தார். கடைக்காரி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

"புகாருக்கு உங்க பதில் என்ன அண்ணே?" என்றார் கொக்கு.

நெறியார் எழுந்தார். "இந்த அம்மா என் அறையில் என்னிடம் பேசியது எதுவானாலும், அது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவில் உள்ள இரகசியம். என்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அதை வெளியே சொல்ல எனக்கு மனம் வராது. என் மேல் என்ன பழி விழுந்தாலும் சரி, நான் வாய் திறக்க மாட்டேன்."

"என்ன சொல்றார்?" என்றார் மூத்தவர்.

"பதில் சொல்ல மாட்டாராம். இரகசியத்தைக் காக்கிறாராம்" என்று அவர் காதில் கத்தினார் கொக்கு.

"பெரிய மனுஷன்" என்றார் மூத்தவர்.

"அந்த இரகசியம் என்னோடது சார்" என்றாள் கடைக்காரி. "நானே சொல்லச் சொல்றேன். என்ன பேசினோம்னு அவர் சொல்லட்டும்."

கொக்கு வருத்தத்தோடு கழுத்தை ஆட்டினார். "அந்த அனுமதியைக் கட்சிக்காரர்தான் குடுக்க முடியும். நீங்கதான் வக்காலத்தை மாத்திட்டீங்களேம்மா. இப்ப நீங்க யாரு?"

அவள் மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாள். கண் பரிசோதிக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள். "உங்க யாருக்கும் கண்ணாடி போட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவமரியாதையாகப் பேசியதைக் குழு பெருந்தன்மையோடு மன்னித்தது. புகார் தள்ளுபடி.

வீட்டுக்கு வந்து நெறியார் எல்லாவற்றையும் மனைவியிடம் நடித்துக் காட்டினார். ஓரத்து நாற்காலிக்கு நகர்ந்ததைக்கூட விடவில்லை. "வாயே திறக்கல நான். அங்க நின்னவங்க அசந்துட்டாங்க."

"அந்த வாயை முன்னாடி மூடியிருக்கலாம்" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குளியலறையில ஊதினது எனக்குக் கேக்காதா?"

அத்தோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். கொஞ்ச நாள் கழித்து மாடியில் சாமான் ஏறும் சத்தம் கேட்டது. மாடி போர்ஷன் ரொம்ப நாளாகக் காலியாக இருந்தது.

"மாடிக்கு ஆள் வெச்சிட்டியா? யாரு?"

"குடிவர்றவங்க விஷயத்தை வெளியே சொல்றது நெறியில்லங்க."

"என் வீட்டுல யாரு இருக்காங்கன்னு நான் தெரிஞ்சுக்கக் கூடாதா?"

"எங்கப்பா வீடு" என்றாள் அவள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் வாசலில் அவருடைய பெயர்ப் பலகைக்குக் கீழே, கண் பரிசோதனை மாடியில் என்று ஒரு பலகை தொங்கியது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் வர ஆரம்பிக்கும் நேரத்துக்கு, அவர் தலைக்கு நேர் மேலே, டிரம்பெட் தொடங்கியது.

அவர் மனைவியிடம் சொல்லிப் பார்த்தார். பிள்ளை படிக்கிறது, ஊதத்தான் செய்யும் என்றாள். மாடிப்படி ஏறிப் போய்ச் சொல்லலாம். நாலு படி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

அன்று முன்னறையில் மருந்துக்கடைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளிப் பெஞ்சில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் குனிந்து மேசைக்கு மேலாக ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல. கொஞ்சம் சத்தமா" என்றார் நெறியார்.

மறுபடி முணுமுணுத்தார். மேலே மகள் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து விடாமல் நின்றாள்.

"என்னது?"

"அந்தப் பத்திரத்துல இருக்கிறது என் கையெழுத்துதான் சார்!" என்று மருந்துக்கடைக்காரர் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "ஆனா என்னுது இல்லன்னு சொல்லணும்!"

டிரம்பெட் சரியாக அந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தது. வெளியே பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் செருப்பை மாட்டிக்கொண்டு அவசரமாகத் தெருவில் இறங்கினார். அவர் அந்தப் பத்திர வழக்கில் எதிராளியின் மைத்துனர் என்று மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது. முகம் வெளுத்தது.

நெறியார் அவரைக் கவனிக்கவில்லை. அவருக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வகுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மருந்துக்கடையைச் செருப்புக்கடை ஆக்கலாம். கையெழுத்தைக் கைரேகை ஆக்கலாம். மாடியில் ஊதுவதை வேறு ஏதாவதாக மாற்ற வேண்டும், தண்ணீர் மோட்டார் என்று வைக்கலாம். வைத்துப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மேலே மறுபடியும் ஆரம்பித்தது. அவர் தன்னையறியாமல் கன்னத்தை உப்பிக்கொண்டார்.